வாட்ச் சொல்லுது, நான் அமைதியா இருக்கேனாம்!

கேள்வி: ஐயா, மூணு வருஷமா ஸ்ட்ரெஸ்ஸுக்கு என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டேன். மூச்சுப் பயிற்சி, தியான ஆப், டைரி எழுதறது, எல்லாம். பண்ணும்போது நல்லாத்தான் இருக்கு, மறுநாள் மேனேஜர்கிட்டேர்ந்து ஒரு மெயில் வந்தா பழையபடி நெஞ்சு படபடங்குது. கையில கட்டியிருக்கற வாட்ச் ஸ்ட்ரெஸ் கம்மின்னு காட்டினாலும், நேத்து இதைவிட கம்மியா இருந்துச்சேன்னு அதுக்கு வேற ஒரு டென்ஷன். நண்பர் ஒருத்தர் "டெக்னிக்கை எல்லாம் தூக்கிப் போடு, அத்வைதம்தான் நிரந்தரத் தீர்வு"ங்கறார், அதான், எல்லாம் ஒண்ணுதான், ரெண்டில்லைங்கற வேதாந்தம். மாறிடலாமா?

பதில்: வாட்ச் விஷயத்தை நீங்க போற போக்குல எழுதியிருக்கீங்க, எனக்கு உங்க லெட்டர்லயே முக்கியமான வரி அதுதான். அதுக்கு அப்புறம் வரேன்.

மொதல்ல, டெக்னிக் எதையும் தூக்கிப் போடாதீங்க. மூச்சை இழுக்கறதைவிட விடறதை நீளமா விட்டா மூளையிலேர்ந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்பு வழியா இதயத்துடிப்பு இறங்கும், இது உடம்போட வேலை, நீங்க நம்பினாலும் நம்பாட்டியும் நடக்கும். ஹெர்பர்ட் பென்சன்னு ஒரு அமெரிக்க டாக்டர் இதுக்கு 'ரிலாக்ஸேஷன் ரெஸ்பான்ஸ்'னு பேர் வெச்சு 1975லயே புத்தகம் போட்டுட்டார். ஆனா அது அடக்கறது படபடப்பை மட்டும்தான். மெயிலைப் பாத்ததும் "என்னைப் பத்தி என்ன நினைப்பாங்களோ"ன்னு துடிக்கற அந்த 'என்னை' இருக்கே, அதுகிட்ட மூச்சு போகவே இல்ல, அது பாட்டுக்கு உள்ள உக்காந்து அடுத்த மெயிலுக்குக் காத்துக்கிட்டிருக்கு.

இதை திருவண்ணாமலை ரமண மகரிஷி ரொம்ப நேரடியா சொல்லியிருக்கார். 1902 வாக்குல சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு, அப்ப ரமணர் பேசாம இருந்த காலம், எழுதிக் காட்டியே பதில் சொன்னார், அதுதான் 'நான் யார்?'னு வந்துச்சு. அதுல பிராணாயாமத்தைப் பத்தி வருது: மூச்சு அடங்கியிருக்கற வரைக்கும் மனசும் அடங்கியிருக்கும், மூச்சு வெளிய வந்ததும் மனசும் வந்து வாசனை, அதாவது மனசுல பதிஞ்ச பழைய பழக்கம், இழுத்த பக்கம் அலையும். வேணாம்னு சொல்லல, கவனிங்க. மனசை அடக்க உதவும், ஒழிக்காது, அவ்வளவுதான்.

அவர் சொன்ன ஒரு கதையும் உண்டு. கங்கைக் கரையில ஒரு யோகி, தாகம் எடுக்குதுன்னு சீடனைத் தண்ணி கொண்டுவரச் சொல்றார், அவன் வர்றதுக்குள்ள சமாதியில ஆழ்ந்துட்டார். பல காலம் கழிச்சுக் கண்ணைத் திறக்கறார், சீடனும் இல்ல, கங்கையே அங்க இல்ல, வாயில வந்த மொத வார்த்தை "தண்ணி!" அத்தனை வருஷ அமைதிக்கு அப்புறமும் விட்ட எடத்துலேர்ந்து அப்படியே ஆரம்பிக்குது பாருங்க. மனசு அழியாம கொஞ்ச காலம் அடங்கி மட்டும் இருக்கற இதுக்கு லயம்னு பேரு. நம்ம 20 நிமிஷ ஆப் எந்த மூலைக்கு!

இப்ப வாட்ச். அமைதியாயிட்டேனான்னு எட்டி எட்டிப் பாக்கறது யாரு? மெயிலுக்கு பயந்தாரே, அதே ஆள்தான், இப்ப சூப்பர்வைசர் வேஷம் போட்டுக்கிட்டு நிக்கிறார். டெக்னிக்கோட எல்லை இதான்னு நான் நினைக்கிறேன், பண்றதுக்கு ஒருத்தர் வேணும், அவருக்கு ரிசல்ட் வேணும், ரிசல்ட் வேணும்னா டென்ஷனும் கூடவே வரும்.

அத்வைதம் கேக்கறது வேற கேள்வி. அடுத்த தடவை நெஞ்சு படபடக்கும்போது அதை ஒண்ணும் பண்ணாதீங்க. படபடப்பு தெரியுதுல்ல? தெரியறதாலதானே எனக்கு எழுதினீங்க? அந்தத் தெரியறது, அந்த அறிவு, அதுவும் படபடக்குதா? பதிலை யோசிக்காதீங்க, யோசிச்சா "இல்லை"ன்னு புத்திசாலித்தனமா ஒண்ணு வரும், பிரயோஜனம் இல்ல. பாருங்க. படபடப்பு ஒரு பக்கம், அதைப் பாக்கற 'நான்' இன்னொரு பக்கம்னு நடுவுல கோடு எங்கயாவது தட்டுப்படுதான்னும் பாருங்க.

ஆனா பாத்துட்டு "சரி, படபடப்பு போச்சா?"ன்னு கேட்டீங்கன்னா முடிஞ்சுது, அத்வைதத்தையும் இன்னொரு ஆப் ஆக்கிட்டீங்க. உங்க நண்பர் சொல்ற 'தீர்வு'ங்கற வார்த்தையில எனக்கு இருக்கற சங்கடம் இதுதான். அது ஸ்ட்ராங்கான மாத்திரை இல்ல, இதயத்துடிப்பு குறையும்னு எந்த கேரண்டியும் குடுக்கல.

கேள்வி: 8 வார மைண்ட்ஃபுல்னெஸ் கோர்ஸ்ல (இப்ப நடக்கறதை அப்படியே கவனிக்கற பயிற்சி) சேர்றேன். டாக்டர் குடுத்த மாத்திரையை நிறுத்திடலாமா?

பதில்: கூடாது. அதை டாக்டர்தான் சொல்லணும், கோர்ஸ் வாத்தியாரும் இல்ல, நானும் இல்ல. கோர்ஸ்ல தாராளமா சேருங்க, அந்த 8 வார முறையே 1979ல ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவுல ஒரு மருத்துவக் கல்லூரியில, தீராத வலியோட இருந்தவங்களுக்காக ஆரம்பிச்சது, வைத்தியத்துக்குப் பதிலா இல்ல, கூடவே.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆறு மாசமா அத்வைத உரையா கேக்கறார். ஒரு வேலை சொன்னா "செய்யறவன் யாரு?"ங்கறார். கோபப்பட்டா "கோபம் யாருக்கு?"ங்கறார். தலையில அடிச்சுக்கறேன்.

பதில்: சிரிச்சுட்டேன்மா, மன்னிச்சுக்கோங்க. "யாருக்கு?"ங்கறது தனக்குத்தானே கேட்டுக்க வேண்டிய கேள்வி, அடுத்தவங்க வாயை அடைக்கறதுக்கு இல்ல. சங்கரர் வழியில வியாவகாரிகம் (அன்றாட உலக நடப்பு), பாரமார்த்திகம் (இறுதி உண்மை)னு ரெண்டு நிலை சொல்லுவாங்க, உலகம் வெறும் தோற்றம்னு பேசறது ரெண்டாவதுல, பாத்திரம் கழுவறது மொதலாவதுல, இதுக்கு அதை பதிலா சொல்லக் கூடாது. உங்க வீட்டுக்காரருக்கு வேலை செய்ய சோம்பல், அதுக்கு வேதாந்தம் துணைக்கு வந்திருக்கு, வேற ஒண்ணுமில்ல.

ரமணர் ஆசிரமத்து சமையக்கட்டுல விடியறதுக்கு முன்னாடியே உக்காந்து காய் நறுக்கினவர். இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, சொல்லிட்டு அப்படியே காய்க்கூடையையும் முன்னாடி வெச்சிடுங்க.