ஜோகூர் பாருவில் கொண்டோ பார்க்க ஒரு வார இறுதி போதுமா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கிறோம், சனி ஞாயிறில் மலேசியாவின் ஜோகூர் பாரு போய் ஏழெட்டு கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) பார்த்து, பிடித்ததற்கு முன்பணமும் கட்டிவிட்டு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பாருங்கள், பணம் மட்டும் கட்டாதீர்கள். சனி ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். அந்த இரண்டு நாளும் விற்பவருக்குத்தான் தோது.

கிளம்புவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்தே முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது. நீங்கள் சிங்கப்பூர்க் குடிமக்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டின் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்துவிட்டதா? பொதுவாக 5 ஆண்டு; பிளஸ், பிரைம் என்று வகைப்படுத்திய, நல்ல இடங்களில் உள்ள வீவக வீடுகளுக்கு 10. அதுவரை வெளிநாட்டிலும் தனியார் வீடு வாங்க முடியாது. "வீவகவுக்கு எங்கே தெரியப்போகிறது" என்று கீழே கருத்துப் பகுதியில் யாராவது எழுதுவார்கள். இருக்கிற வீட்டைப் பணயம் வைக்கிற அந்த வீரம் உங்களுக்கு வேண்டாம். மகனையோ மகளையோ சேர்த்து வாங்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: வெளிநாட்டில் வீடு வைத்திருப்பவர் பிடிஓ (வீவக கட்டித்தரும் புதிய வீடு) கேட்க முடியாது, விற்று 30 மாதம் கழிய வேண்டும். மசேநி (மத்திய சேமநிதி) பணத்தையும் இதற்குத் தொட முடியாது.

அடுத்தது விலை. வெளிநாட்டவர் ஜோகூரில் அடுக்குமாடி வீடு வாங்கப் பொதுவாகக் குறைந்தபட்ச விலை 1 மில்லியன் ரிங்கிட். முத்திரை வரி 2026 ஜனவரியிலிருந்து 8 விழுக்காடு, அதற்கு முன் 4. அதாவது 1 மில்லியன் வீட்டுக்கு வரி மட்டுமே 80,000 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணமும் மாநில ஒப்புதல் கட்டணமும் தனி. 5 ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி, அதன்பிறகு 10. ஆகவே முகவர் அனுப்பும் பட்டியலில் 600,000 ரிங்கிட் வீடுகள் இருந்தால், "இதை வெளிநாட்டவர் வாங்க முடியுமா, பூமிபுத்ரா ஒதுக்கீட்டு வீடா (மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ராக்களுக்கு மட்டும் ஒதுக்கியதா)" என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் கேளுங்கள். பாதிப் பட்டியல் அங்கேயே கழன்றுவிடும்.

"ஜோகூரில் வாங்குவதே முட்டாள்தனம், ஊரில் நிலம் வாங்கிப் போடலாமே" என்று வருபவர்களுக்கு: அது வேறு கேள்வி, தனியாகக் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.

இப்போது நாள். விடுப்பு எடுத்துத் திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள். 2025 ஜனவரி முதல் ஜோகூரிலும் சனி ஞாயிறுதான் வார விடுமுறை. நீங்கள் பார்த்தே ஆக வேண்டிய நிர்வாக அலுவலகமும் வழக்கறிஞரும் வாரநாளில்தான் கிடைப்பார்கள். வெள்ளியன்று தொழுகை இடைவேளை நீளம், சாயங்காலம் கடற்பாலம் அடைத்துக்கொள்ளும். பள்ளி விடுமுறையும் நீண்ட வார இறுதியும் வேண்டவே வேண்டாம். காரில் போனால் மலேசிய வாகன நுழைவு அனுமதி கட்டாயம், இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். இங்கிருந்து கிளம்பும்போது எண்ணெய்த் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். பேருந்தில் கடந்து, அந்தப் பக்கம் கிராப் வாடகைக் கார் எடுப்பதே நிம்மதி. (170ஆம் எண் பேருந்துக்கு வரிசையில் நிற்பவர்களைப் பெட்டியால் இடித்துக்கொண்டு முன்னால் போகிறவர்களே, சோதனைச்சாவடியில் எல்லாரும் மறுபடி இறங்கத்தானே வேண்டும்? எதற்கு அந்த அவசரம்?) கூட வருபவர் மலேசியா அல்லாத வேறு வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருக்கும் சிங்கப்பூர் நிரந்தரவாசி என்றால், மலேசிய மின்னியல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும்.

ஒரு நாளைக்கு நான்கு வீடு போதும், அதுவும் ஒரே வட்டாரத்தில். கடற்பாலத்தை ஒட்டிய புக்கிட் சாகார் பக்கம் ஒரு நாள், மேற்கே உள்ள இஸ்கந்தர் புத்ரி இன்னொரு நாள். இஸ்கந்தர் புத்ரிக்குத் துவாஸ் இரண்டாவது பாலம் வழியாகப் போவது சுலபம். இரண்டையும் ஒரே காலையில் திணித்தால் காரில் உட்கார்ந்ததுதான் மிச்சம்.

ஓர் இரவு அங்கே தங்குங்கள். பிடித்த கட்டடத்துக்கு இரவு 9 மணிக்கு முகவர் இல்லாமல் போய் எதிரே நின்று, விளக்கு எரியும் சன்னல்களை எண்ணுங்கள். 30 மாடியில் பத்துப் பதினைந்து சன்னல்தான் எரிகிறது என்றால், பலர் முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணமும் சரியாக வராது, வாடகைக்கும் ஆள் கிடைக்காது. நுழைவாயில் கம்பியில் எண்பூட்டுச் சாவிப் பெட்டிகள் கொத்தாகத் தொங்கினால் அது குறுகிய கால வாடகைக் கட்டடம். சனி இரவெல்லாம் பெட்டி உருளும் சத்தம் கேட்கும். தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்கு வரப்போகிறீர்கள் என்றால், மறுநாள் விடியற்காலை 5 மணிக்கு அங்கிருந்தே கிளம்பி அலுவலகம்வரை வந்து பாருங்கள். விளம்பரத்தில் "ஆர்டிஎஸ் ரயிலுக்கு (ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ரயில்) 5 நிமிடம்" என்று இருக்கும். எதில் 5 நிமிடம் என்று இருக்காது. நடந்தே பாருங்கள், நடைபாதை எங்கே முடிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

நிர்வாக அலுவலகத்தில் கடைசி ஆண்டுக் கூட்டத்தின் குறிப்பையும் தணிக்கை செய்த கணக்கையும் கேளுங்கள். உரிமையாளர் வழியாகக் கேட்டால் கிடைக்கும். மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் கட்டணம் கட்டாதவர் பட்டியல் ஒட்டியிருந்தால் அதன் நீளத்தைப் பாருங்கள். பராமரிப்பு சதுர அடிக்கு 35 சென் என்றால் 1,000 சதுர அடிக்கு மாதம் 350 ரிங்கிட். அதற்கு மேல் அதன் 10 விழுக்காடு, அதாவது இன்னொரு 35 ரிங்கிட், பெரிய பழுதுகளுக்கான நிதிக்குக் கட்ட வேண்டும். அந்த நிதியில் எவ்வளவு இருக்கிறது என்பது நீச்சல் குளத்தைவிட முக்கியம்.

வீட்டுக்குள் போகும்போது அளவு நாடா, டார்ச், கைப்பேசி மின்னூட்டி. மூன்று முள் செருகி இங்கே உள்ளதுதான், ஒவ்வொரு மின்செருகித் துளையிலும் போட்டுப் பாருங்கள். சமையலறைக் குழாய், குளியலறைக் குழாய் இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டுக் கழிவறைத் தொட்டியை அழுத்துங்கள். மேல்மாடிகளில் நீரழுத்தம் குறைவாக இருந்தால் அப்போதுதான் தெரியும். குளியலறைத் தரையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிச் சில நிமிடம் விடுங்கள். வடிகாலுக்குப் போகாமல் கதவுப் பக்கம் தேங்கினால் வாட்டம் சரியில்லை, தரையைப் பெயர்க்காமல் அதைச் சரிசெய்ய முடியாது. அலமாரிக்குப் பின்னால், குளிரூட்டிக்குக் கீழே, சன்னலின் கீழ்மூலைகளில் டார்ச் அடித்து ஈரக்கறை தேடுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த ஒரே ஒரு சுவர் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மேம்பாட்டாளரின் இலவசப் பேருந்து, மதியச் சாப்பாடு, மாதிரி வீடு: போவதென்றால் வேடிக்கை பார்க்க மட்டும் போங்கள். மாதிரி வீட்டில் கதவுகளைக் கழற்றியிருப்பார்கள், கட்டில் சின்னதாக இருக்கும். கட்டிலை அளந்தால் போதும், நீளம் 190 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் அந்த அறையில் உங்கள் கட்டில் போடும்போது கதை வேறு.

கடைசியாகப் பணம். வீடு காட்டும் மலேசிய முகவரிடம் பொதுவாக ஆர்இஎன் (பதிவுபெற்ற விற்பனைப் பிரதிநிதி) எண்ணுள்ள சிவப்பு அட்டை இருக்க வேண்டும். புதிய கட்டடத்தில், விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் "முன்பதிவுத் தொகை" வாங்குவதை மலேசிய வீடமைப்பு விதிமுறைகள் தடைசெய்கின்றன. திருப்பித் தருவோம் என்று சொன்னாலும் அதே கதைதான். பழைய வீடு என்றால் வழக்கமாக 2 அல்லது 3 விழுக்காடு முதலில், ஒப்பந்தத்தின்போது மீதி சேர்த்து மொத்தம் 10. அந்த முதல் தொகை முகவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்குப் போக வேண்டும், தனிநபர் கணக்குக்கு ஒரு சென்கூட அனுப்பாதீர்கள். அதற்கு முன், விற்பவரின் வழக்கறிஞரைப் பகிர்ந்துகொள்ளாமல் நீங்களே ஒருவரை அமர்த்தி, நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் எடுக்கச் சொல்லுங்கள். உரிமையாளர் பெயர், வங்கி அடமானம், வெளிநாட்டவருக்கு விற்பதில் உள்ள கட்டுப்பாடு எல்லாம் அதில் வரும். மின்சாரம், தண்ணீர், கழிவுநீர், மதிப்பீட்டு வரி, நில வரி ஆகியவற்றின் கடைசி ரசீதுகளையும் அவரே வாங்கிச் சரிபார்க்கட்டும்.