வீட்ல வளர்க்கிற குட்டி ஆமை மார்கழில சாப்பிடாம தூங்கிட்டே இருக்கு, இது குளிர்கால உறக்கமா? அப்படியே விட்டுடலாமா?

விடாதீங்க. இன்னைக்கே தண்ணிய சூடாக்க ஏற்பாடு பண்ணுங்க, மத்தத எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

நீங்க எழுதியிருக்கிறது (ரெண்டு குட்டி, பத்து ரூபா காயினை விடக் கொஞ்சம் பெருசு, ரெண்டு வாரமா பெல்லட் தீனிய தொடல, கண்ண மூடிக்கிட்டு ஒரு மூலைல கிடக்கு, கடைல கேட்டா குளிர்கால உறக்கம் பங்குனில எந்திரிச்சிடும்னு சொல்றாங்க) படிச்சதும் எனக்கு வயித்த பிசைஞ்சிடுச்சு. ஏன்னா இதே வார்த்தைய 2016 மார்கழில என்கிட்டயும் ஒரு கடைல சொன்னாங்க, நானும் நம்புனேன். எங்க ஊரு மன்னார்குடி. பொண்ணு ஆசைப்பட்டான்னு ஒரே ஒரு குட்டி வாங்கிட்டு வந்தேன், சிங்கப்பூர் ஆமைன்னு சொல்லி விக்கிறாங்களே அதான், கண்ணுக்குப் பின்னாடி சிவப்புக் கோடு இருக்கும். அது தூங்குதுன்னு நெனச்சு தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு டப்பா மேல துணி வேற போட்டு வச்சோம். பதினேழாவது நாள் தண்ணி லேசா வாடை அடிச்சது, எடுத்துப் பாத்தா கழுத்து தொவண்டு தொங்குது. பொண்ணு அப்பவும் "தூங்குதாப்பா"ன்னுதான் கேட்டா.

அதுக்கப்புறம்தான் தேடித் தேடிப் படிச்சேன். இந்த ஆமைக்குச் சொந்த ஊரு அமெரிக்கா, மிசிசிப்பி ஆத்துப் பக்கம். அங்க குளிர் காலத்துல தண்ணி 10 டிகிரிக்கும் கீழ போகும், அதுக்கு முன்னாடியே ஆமை சாப்பாட்ட நிறுத்தி வயித்த காலி பண்ணிக்கிட்டு அடியில போய்ப் படுத்துக்கும், உடம்பு வேலையே கிட்டத்தட்ட நின்னுடும், அதனால உள்ள சேத்து வச்ச கொழுப்பு கொஞ்சங் கொஞ்சமாத்தான் செலவாகும். அதுதான் உறக்கம். நம்ம ஊர்ல எந்தக் குளிர்? வாடைக்காத்து அடிச்சாலும் ராத்திரி 21, 22 டிகிரி, அவ்ளோதான். தரைல வச்ச தட்டையான டப்பாவுல இருக்கிற தண்ணி ஆவியாகி ஆவியாகி ரூம விட இன்னும் ஒரு டிகிரி கம்மியா இருக்கும். இது ரெண்டுங்கெட்டான் நிலை. பசி அடங்கிடுது, செரிமானம் மந்தமாயிடுது, ஆனா உடம்பு தூங்குற அளவுக்குக் குளிர் இல்லாததால செலவு மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. பெரிய ஆமைன்னா கொஞ்ச நாள் தாங்கும், பொறந்து சில மாசமே ஆன குட்டிக்கு உள்ள என்ன இருப்பு இருக்கும்? அது தூங்கல, பட்டினில கரையுது, கூடவே நோய் எதிர்ப்பும் குறைஞ்சு சளி புடிச்சிக்கும்.

நம்ம ஊரு ஆமையப் பாத்தா இன்னும் நல்லா புரியும். நம்ம வாய்க்கால் குளத்துல இருக்கிற பாலாமை குளிர்ல தூங்காது, கோடைல தூங்கும். வழக்கமா ஜனவரி 28 மேட்டூர் அணைய மூடுவாங்க, அப்புறம் குளம் வத்தி சித்திரை வைகாசில சேறு வெடிக்கும்போது அது மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்து தண்ணி வந்ததும் வெளிய வரும், குளம் தூர் வாரும்போது மண்வெட்டில தட்டுப்படுமே அதுதான். (அத எடுத்துட்டு வந்து வளக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, 1972 வன உயிரினச் சட்டப்படி குற்றம்.)

சரி இப்ப என்ன பண்ணணும். முதல்ல ஒரு தெர்மாமீட்டர். கைய விட்டுப் பாத்து வெதுவெதுன்னு இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க, அளந்து பாருங்க. குட்டிக்குத் தண்ணி 26லிருந்து 28 டிகிரி இருக்கணும். மீன் தொட்டிக்குப் போடுற ஹீட்டர் போதும், லிட்டருக்கு ஒரு வாட்னு கணக்கு வச்சுக்கோங்க, ஹீட்டர் முழுசா முங்குற அளவுக்குத் தண்ணி வேணும், அதனால அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பாவ மாத்தியே ஆகணும். கை விடுறதுக்கு முன்னாடி சுவிட்ச ஆஃப் பண்ணிடுங்க, இத மறக்கவே கூடாது. அவசரப்பட்டு வெந்நீர ஊத்திடாதீங்க, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி ரெண்டு டிகிரின்னு மெதுவா ஏத்துங்க. ஏறி உக்கார ஒரு கல்லு, அது மேல பல்பு, கல்லு மேல 31, 32 டிகிரி வரணும். காலை வெயில்ல அரை மணி நேரம், பாதி நிழலோட, நீங்க பக்கத்துலயே இருந்து காட்டுங்க. ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில் பத்தாது, ஓட்டுக்கு வேண்டிய கதிர கண்ணாடி தடுத்துடும்.

சூடு வந்ததும் அன்னைக்கே திணிக்காதீங்க. ரெண்டாவது நாளோ மூணாவது நாளோ அதுவே தலைய நீட்டும். அப்படியும் சாப்பிடலன்னா அது குளிர் மட்டும் இல்ல. மூக்குல சின்னக் குமிழி வருதா, வாயத் திறந்து திறந்து மூச்சு விடுதா, நீந்தும்போது ஒரு பக்கமா சாய்ஞ்ச படகு மாதிரி போகுதான்னு பாருங்க. இதுல ஒண்ணு இருந்தாலும் நிமோனியாவா இருக்கலாம், கண்ணு வீங்கி ஒட்டியிருந்தா வைட்டமின் ஏ குறைவா இருக்கலாம். மனுஷ மாத்திரை எதுவும் குடுக்காம டாக்டர்கிட்ட போங்க, நம்ம பக்கம்னா ஒரத்தநாட்டுல கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க விசாரிங்க.

கரண்ட் போனா என்ன பண்றதுன்னு ஒரு பயம் வரும். 2018ல எங்ககிட்ட வேற ரெண்டு குட்டி இருந்துச்சு, நவம்பர் 16 கஜா அடிச்சுது, எங்க தெருவுக்குக் கரண்ட் வர மூணு வாரம் ஆச்சு. மீன் கடைல இருந்து ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கி, உள்ள ஆமை டப்பா, ரெண்டு பக்கமும் துணி சுத்துன வெந்நீர் பாட்டில், மூடில காத்துக்கு ஓட்டைன்னு வச்சோம். எங்கம்மா "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது"ன்னு சொல்லி மொதல்ல வேண்டவே வேண்டாம்னவங்க, அந்த மூணு வாரமும் விழுந்த தென்னமட்டைய எரிச்சு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவ வெந்நீர் போட்டுக் குடுத்தது அவங்கதான். ரெண்டும் பொழச்சிடுச்சு. இப்ப ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கு.

இன்னொண்ணு, வீட்ல சின்னக் குழந்தை இருக்குன்னு எழுதியிருந்தீங்க. ஆமையத் தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவியே ஆகணும், அந்தத் தண்ணிய சமையல் சிங்க்ல ஊத்தக் கூடாது. பாக்க ஆரோக்கியமா இருக்கிற ஆமைகிட்டயும் சால்மோனெல்லாங்கிற வயித்துப்போக்குக் கிருமி இருக்கலாம், அதுக்காகவே அமெரிக்காவுல 1975லயே நாலு இஞ்சுக்குக் கீழ உள்ள ஆமைய வளக்கிறதுக்குன்னு விக்கத் தடை போட்டாங்க. அதே மாதிரி வளக்க முடியலன்னு ஹரித்ரா நதிலயோ பாமணி ஆத்துலயோ கொண்டு போய் விட்டுடாதீங்க, இது நம்ம பாலாமையோட எடத்தையும் எரையையும் புடிச்சிக்கும், உலகத்துல ரொம்ப மோசமான 100 அந்நிய உயிரினப் பட்டியல்லயே இதுவும் இருக்கு. வேற யாராவது பெரிய தொட்டியோட வளக்கிறவங்களுக்குக் குடுங்க.

ஹீட்டர் வாங்க நாளைக்குத்தான் முடியும்னா, இன்னைக்கு ராத்திரிக்கு அந்தத் தெர்மாகோல் பெட்டியும் ரெண்டு வெந்நீர் பாட்டிலும் போதும். பாட்டில் டப்பாவ ஒட்டாம ரெண்டு விரல் தள்ளி இருக்கட்டும், நடு ராத்திரி ஒரு தடவ எந்திரிச்சு தெர்மாமீட்டர பாத்துட்டு பாட்டில்ல இருக்கிற வெந்நீர மாத்துங்க.