ஆன்லைன் செஸ்ஸில் தோற்கும் ஆட்டத்தை ரிசைன் பண்ணாமல் (தோல்வியை ஒப்புக்கொண்டு விலகாமல்) ஆடுவது மரியாதைக் குறைவா?

இல்லை, கடைசிவரை ஆடுவது உங்கள் உரிமை. கருப்புக்கு மிச்சம் பலகையின் மூலையில், எச்8 கட்டத்தில் நிற்கும் ராஜா மட்டும்தான் என்று வையுங்கள். அவசரத்தில் வெள்ளை தன் ராணியை ஜி6-இல் வைத்தால் ஸ்டேல்மேட்: ராஜாவுக்கு செக் இல்லை, ஆனால் நகரவும் இடமில்லை, ஆட்டம் டிரா. 3 நிமிட பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டத்தில் இப்படிக் கோட்டைவிட்டு நானே தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ராணி போன கோபத்தில், தன் கடிகாரத்தில் மிச்சமிருக்கும் 6 நிமிடத்தையும் ஓடவிட்டு டீ குடிக்கப் போகிறார்கள் பாருங்கள், அதுதான் அநாகரிகம். எதிராளி திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். லிசெஸ் தளத்தில் இதையே வழக்கமாக்கினால் கொஞ்ச நேரத்துக்கு ஆடவே விடமாட்டார்கள்.

சும்மா சும்மா டிரா கேட்பதும் தொல்லைதான். உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி 11.5 அதை எதிராளிக்குச் செய்யும் இடையூறாகவே கணக்கில் எடுக்கிறது. மவுஸ் நழுவிவிட்டது என்று டேக்பேக் (போட்ட நகர்வைத் திரும்பப் பெற அனுமதி) கேட்டால்? கொடுப்பது உங்கள் இஷ்டம். ரேட்டிங் இல்லாத ஆட்டமென்றால் நான் கொடுத்துவிடுவேன்.