90 சிசியா, 120 சிசியா? பெரிய செயின்சா வாங்குவோரின் கேள்விகள்

அண்மையில் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பெரிய செயின்சா (மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம்) பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன். இரண்டு இயந்திரங்களின் பெயரை மட்டும் எழுதி "எது நல்லது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: என்ன மரம், எவ்வளவு பருமன், பழுது பார்ப்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார் ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். இவை தெரியாமல் சொல்லும் பதிலால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

கேள்வி: புளி, வேம்பு, தூங்குமூஞ்சி மரங்களை நின்ற நிலையிலேயே விலைபேசி வாங்கி வெட்டுகிறோம். கையில் இருப்பது ஹஸ்க்வர்னா 372. பெரிய அடிமரத்துக்கு அது திணறுகிறது. ஸ்டில் எம்எஸ் 661 வாங்கலாமா, ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்பி வாங்கலாமா? (மர வியாபாரி, பட்டுக்கோட்டை)

இரண்டின் சிலிண்டர் விட்டமும் 56 மில்லிமீட்டர்தான். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 661இல் 37 மில்லிமீட்டர், 395இல் 38. அந்த ஒரு மில்லிமீட்டரால் 661 என்பது 91.1 சிசி, 395 என்பது 93.6 சிசி. ஆனால் சக்தி தலைகீழாக இருக்கிறது. 661 தருவது 5.4 கிலோவாட், 395 தருவது 4.9. எடையிலும் 661தான் இலகு. பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் இல்லாமல் 7.4 கிலோ, மற்றது 7.9.

சிசி குறைந்ததற்குச் சக்தி கூடியது எப்படி என்று கேட்பீர்கள். 395 பழைய பாணி டூ-ஸ்ட்ரோக். எரிந்த புகையை வெளியே தள்ளும்போது எரியாத பெட்ரோலிலும் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். 661இல் புகைக்கும் புதிதாக நுழையும் பெட்ரோல்-காற்றுக் கலவைக்கும் நடுவே வெறுங்காற்று ஒரு படலமாக நுழைகிறது. வெளியே போவது பெரும்பாலும் அந்தக் காற்றுதான். பழைய வகையோடு ஒப்பிட்டால் எரிபொருளில் 20 சதவீதம் வரை மிச்சம் என்கிறது ஸ்டில். முழுநாள் அறுப்பவருக்கு இது மாதக் கணக்கில் தெரியும்.

இத்தனையும் சொல்லிவிட்டு 661ஐ வாங்குங்கள் என்று முடித்துவிடலாம். ஆனால் அதன் சி-எம் வகையில் கார்பரேட்டரைத் திருகாணி வைத்துத் திருத்த முடியாது. எம்-டிரானிக் என்ற மின்னணு அமைப்பு கலவையைத் தானே பார்த்துக்கொள்ளும். நன்றாக இருக்கும்வரை அதுபோல் சுகமில்லை. கோளாறு வந்தால், அதைச் சோதிக்கும் கருவி வைத்திருக்கும் முகவரிடம்தான் போக வேண்டும். 395ஐ டூ-ஸ்ட்ரோக் பழகிய எந்த மெக்கானிக்கும் மரத்தடியில் பிரித்துப் போட்டுச் சரிசெய்துவிடுவார். காட்டோரத்தில் முகாம் போட்டு வேலை செய்யும் குழுக்களுக்கு அரைக் கிலோவாட்டைவிட இது பெரிது.

இதை எதிர்த்திசையில் இழுக்கிறது நம் பெட்ரோல். பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் கூடினால் எஞ்சினுக்குள் கலவை மெலிகிறது. சூடு ஏறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் ஆபத்து வருகிறது. ஹஸ்க்வர்னா கையேடு 10 சதவீத எத்தனால் வரை அனுமதிக்கிறது. கையால் திருத்தும் கார்பரேட்டருக்கு ஸ்டில் சொல்லும் எல்லையும் அதே 10தான். எம்-டிரானிக் உள்ளவை 25 சதவீதத்திலும் முழுச் சக்தி தரும் என்று ஸ்டில் சொல்கிறது. ஆகவே 395 வாங்கினால், நம் பெட்ரோலுக்கு ஏற்ப கார்பரேட்டரின் அதிவேகத் திருகாணியைச் சற்றுத் திறந்து வைக்கத் தெரிந்த மெக்கானிக் வேண்டும். உத்தரவாதம் இந்தப் பெட்ரோலுக்குப் பொருந்துமா என்று முகவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரிலிருந்து அரைநாளில் போய்த் திரும்பும் தூரத்தில் நல்ல ஸ்டில் முகவர் இருந்தால் 661. இல்லையென்றால் 395, கூடவே அந்த மெக்கானிக்கின் நட்பு. 372ஐ விற்றுவிடாதீர்கள். கிளை கழிப்பதற்குப் பெரிய இயந்திரத்தைத் தூக்குபவரின் தோள் மாலைக்குள் பதில் சொல்லிவிடும். நீளப் பாரும் நிறைந்த டேங்கும் சேர்ந்தால் இந்த இரண்டுமே சுமார் 11 கிலோ.

கேள்வி: இரண்டுக்கும் ஒரே பாரை வாங்கி மாற்றி மாற்றிப் போடலாமா? 661இல் 42 அங்குலப் பார் ஓடுமா? (மதுரை)

முடியாது. பாரை மாட்டும் துளையும் பள்ளமும் இரு நிறுவனங்களுக்கும் வேறு வேறு. செயின் பற்களின் இடைவெளி இரண்டிலும் பொதுவாக 3/8 அங்குலம்தான். ஆனால் பாரின் பள்ளத்தில் ஓடும் பகுதியின் தடிமன் ஸ்டிலில் 1.6 மில்லிமீட்டர், ஹஸ்க்வர்னாவில் பெரும்பாலும் 1.5. மாற்றிப் போட்டால் ஒன்று நுழையாது, இல்லையேல் ஆடும்.

42 அங்குலம் எதற்கு? 36 அங்குலப் பாரை வைத்து இரண்டு பக்கமிருந்தும் அறுத்தால் ஐந்தடி அடிமரத்தையே துண்டாக்கலாம். பார் நீள நீளச் செயினுக்கு எண்ணெய் போதாது, முனை தொங்கும், அரம் போடவேண்டிய பற்கள் கூடும். தினசரி வேலைக்கு 25 அங்குலம், பெரிய மரம் வரும் நாளுக்கு 36. என் கணக்கு அவ்வளவுதான்.

கேள்வி: தூங்குமூஞ்சி, மா மரங்களை நீளவாக்கில் அறுத்து, ஒரே பலகையில் மேசை செய்து விற்க நினைக்கிறேன். எம்எஸ் 881, ஹஸ்க்வர்னா 3120 எக்ஸ்பி இரண்டில் எது? (தச்சுப் பட்டறை, கோவை)

வேடிக்கையைப் பாருங்கள், இங்கேயும் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான். இரண்டுக்கும் விட்டம் 60. ஏறி இறங்கும் தூரம் 881இல் 43, 3120இல் 42. அதனால் 121.6 சிசியும் 118.8 சிசியும், 6.4 கிலோவாட்டும் 6.2ம். எடை 9.9 கிலோவும் 10.4ம். இரண்டும் 0.404 அங்குலச் செயினை இழுப்பவை. இந்த வித்தியாசங்களை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். உதிரிபாகம் எதற்கு உங்கள் ஊரில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். இப்போதைய நிலையில் நான் 881 பக்கம் சாய்வேன். 3120 வெகுகாலத்துக்கு முந்தைய வடிவமைப்பு.

இந்த வேலைக்கு 120 சிசி தேவைதான், அதில் பேச்சில்லை. நீளவாக்கில் அறுப்பது குறுக்கே துண்டு போடுவது போன்றதல்ல. நாரின் போக்கிலேயே பல் ஓடுவதால், ஒவ்வொரு பலகைக்கும் இயந்திரம் பல நிமிடங்கள் முழு வேகத்தில் கதற வேண்டியிருக்கும். 90 சிசியும் அறுக்கும். அதன் ஆயுளைச் சேர்த்து அறுக்கும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சட்டென்று அணைக்காமல், மெதுவான வேகத்தில் சற்று ஓடவிட்டுச் சூட்டைத் தணித்துப் பிறகு நிறுத்துங்கள்.

செயினும் வேறு. குறுக்கு வெட்டுக்குப் பற்களை 30 டிகிரியில் தீட்டுகிறோம். நீளவாக்குக்கு 10 டிகிரி. சாதாரணச் செயினைப் போட்டு அறுத்தால் பலகை முழுக்கக் கோடு விழும், பிறகு இழைப்புளிக்காரர் உங்களைத் திட்டுவார்.

வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கையும் போட்டுப்பாருங்கள். செயின்சாவின் ஒவ்வொரு ஓட்டத்திலும் 8, 9 மில்லிமீட்டர் மரம் தூளாகப் போகிறது. ஆறு ஓட்டம் ஓடினால் ஒரு இரண்டங்குலப் பலகை தரையில் குப்பை. பட்டை ரம்பம் உள்ள மில்லில் இழப்பு இதில் மூன்றில் ஒரு பங்கே. நான்கடி அகல மரம் மில்லுக்குள் நுழையாது என்பதால்தான் இந்த இயந்திரம். இரண்டடி மரங்கள்தான் உங்களுக்கு அதிகம் வருகின்றன என்றால், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தை மில்லுக்கு அனுப்புங்கள்.

கேள்வி: இணையத்தில் 070 மாடல் 105 சிசி இயந்திரம் மிக மலிவாகக் கிடைக்கிறது. பார்க்க அசல் ஸ்டில் போலவே இருக்கிறது. வாங்கலாமா? (சிவகங்கை)

வேண்டாம். நீங்கள் பார்ப்பது நகல். அசல் 070 ஒரு காலத்தின் யானை. மெதுவாகச் சுற்றும், விசை அபாரம். ஆனால் அது அறுபதுகளின் தலைமுறையைச் சேர்ந்தது. ஸ்டிலும் ஹஸ்க்வர்னாவும் செயின் பிரேக் கொண்டுவந்தது 1970களின் தொடக்கத்தில்தான். பாரின் முனையின் மேற்பாதி மரத்தில் இடித்தால் இயந்திரம் முகத்தை நோக்கிப் பாயும். அந்தக் கணத்தில் செயினை நிறுத்துவது இந்தப் பிரேக். 070இல் அது கிடையாது, அதிர்வைத் தாங்கும் ரப்பரோ சுருள்வில்லோ கிடையாது. நகலிலும் அப்படியே. அதிர்வு வருடக்கணக்கில் கைக்குள் போனால் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும் நோய் வரும். அதற்குப் பிறகு சட்டைப் பொத்தான் போடுவதே கடினம். மலிவில் வாங்கத்தான் வேண்டுமென்றால், நல்ல கையில் ஓடிய பழைய 70 சிசி அசல் இயந்திரத்தைத் தேடுங்கள்.

கேள்வி: சாலையோரப் புளிய மரம் வெட்டும் ஏலம் எடுத்திருக்கிறோம். செயின் சீக்கிரம் மழுங்குகிறது. இன்னும் சக்தியுள்ள இயந்திரம் வாங்கினால் சரியாகுமா? (விழுப்புரம்)

சரியாகாது. மழுங்கிய பல்லைக் கூடுதல் சக்தியோடு இழுத்தால் பார்தான் தேயும். சாலையோர மரத்தில் விளம்பரப் பலகைக்கும் கட்சித் தட்டிக்கும் அடித்த ஆணிகள் பட்டைக்கு உள்ளே புதைந்திருக்கும். மரம் அதை மூடி வளர்ந்திருக்கும், வெளியே தெரியாது. ஆள் உயரம் வரை உள்ள பகுதியை அறுக்கும் முன் உலோகம் காட்டும் சிறு கருவியை ஓட்டிப் பாருங்கள். ஆணி இருக்கும் இடத்தில் மரத்தில் நீலக்கறுப்புக் கறை தெரிவதும் உண்டு.

கூர்முனைப் பல் உள்ள செயினை விட்டுவிட்டு முனை உருண்ட பல் உள்ளதற்கு மாறுங்கள். வேகம் சற்றுக் குறையும். மண்ணையும் புளியின் வைரத்தையும் அது தாங்கும். 3/8 செயினுக்கு ஸ்டில் சொல்வது 5.2 மில்லிமீட்டர் உருண்டை அரம். பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு முறையும் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு போதும். தூள் மாவாக விழுந்தால் பல் போய்விட்டது, செதிலாக விழுந்தால் நன்றாக இருக்கிறது.

கேள்வி: டெல்டாவில் புயல் வந்தால் தென்னை வெட்ட 90 சிசி வாங்கி வைக்கலாமா? (பேராவூரணி)

2018 நவம்பர் கஜா புயலைப் பார்த்தவர் கேட்கும் கேள்வி, புரிகிறது. தென்னைக்கு 90 சிசி வேண்டாம். 50 முதல் 60 சிசியும் 18 அங்குலப் பாரும் தாராளம். தென்னையின் வெளிச்சுற்றுதான் கடினம், நடுப்பகுதி மென்மை.

விழுந்த மரத்தில் ஆபத்து சக்தியில் இல்லை, இழுவிசையில் இருக்கிறது. இரு முனையும் தாங்கி நடுவில் தொங்கும் மரத்தில் மேல்பக்கம் நசுங்கியும் கீழ்ப்பக்கம் இழுபட்டும் நிற்கும். முதலில் மேலே சிறிதளவு அறுத்து, பிறகு கீழிருந்து முடிக்க வேண்டும். ஒரு முனை தொங்கினால் இந்த வரிசை தலைகீழ். வேரோடு சாய்ந்த மரத்தில் அடியை அறுத்ததும் வேர்த்தட்டு மண்ணோடு எழுந்து நிற்கும், அல்லது முன்பக்கம் விழும். வேர்க்குழிப் பக்கம் ஆள், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கவே கூடாது.

கேள்வி: பாதுகாப்புக் கால்சட்டை வாங்கினால் பெரிய இயந்திரத்துக்குப் போதுமா? (திருச்சி)

அதன் வகுப்பைப் பாருங்கள். வகுப்பு 1 என்பது நொடிக்கு 20 மீட்டர் வேகச் செயினுக்குச் சோதித்தது. வகுப்பு 2 என்பது 24 மீட்டர். செயினை ஓட்டும் ஏழு பல் சக்கரமும் 3/8 செயினும் உள்ள இயந்திரம் நிமிடத்துக்கு 10,000 சுற்றில் ஓடினால் செயின் வேகம் நொடிக்கு 22 மீட்டர். அப்போது வகுப்பு 1 போதாது. வாங்குவது வாங்குகிறீர்கள், வகுப்பு 2 வாங்குங்கள்.

கேள்வி: செயினுக்குக் கழிவு எஞ்சின் ஆயில் ஊற்றுகிறோம். தவறா? (ராஜபாளையம்)

தவறு. அதிலிருக்கும் உலோகத் துகள் எண்ணெய் பம்பைத் தின்னும். தோலில் நாள்தோறும் படுவதால் புற்றுநோய் வரை போகலாம் என்று உற்பத்தியாளர்களே எச்சரிக்கிறார்கள். எரிபொருளில் சிக்கனம் பார்க்க வேண்டுமா? நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலை லிட்டருக்கு 20 மில்லி கலந்து, ஒரு மாதத்துக்குள் தீரும் அளவே கலந்துவையுங்கள். எத்தனால் பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்.

கேள்வி: பேட்டரியில் ஓடும் பெரிய செயின்சா வந்துவிட்டதா? (சென்னை)

இந்த வேலைக்கு இன்னும் இல்லை. ஸ்டிலின் எம்எஸ்ஏ 300 சுமார் 3 கிலோவாட். வீட்டுத் தோட்டத்துக்கும் நகர மரங்களுக்கும் அது நல்ல இயந்திரம். ஐந்தடிப் புளிக்கு அல்ல.

கேள்வி: கோத்தகிரியில் சொந்த நிலத்தில் சில்வர் ஓக் மரங்கள் இருக்கின்றன. 661 வாங்கி நாங்களே வெட்டிக்கொள்ளலாமா? (தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்)

இயந்திரத்துக்கு முன் காகிதம். அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். சொந்த நிலத்து மரமானாலும் மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. வனத்துறை அலுவலகத்தில் மர எண்ணிக்கையோடும் நில ஆவணங்களோடும் விண்ணப்பியுங்கள். அனுமதி கைக்கு வந்த பிறகு, எத்தனை மரம், என்ன சுற்றளவு என்று எழுதுங்கள். சில்வர் ஓக் மென்மையான மரம், அதற்கு 661 அநேகமாகத் தேவைப்படாது.