மூன்றாவது ஆள் வந்ததும் வீடியோ போகிறதா? ஜிட்சி மீட் கேள்வி-பதில்

பிரவுசரிலேயே வீடியோ கூட்டம் நடத்த உதவும் ஜிட்சி மீட்டின் முகப்பில் ஒரு பட்டனை மட்டும் மாற்ற நினைக்கிறேன். அதற்காக சர்வர் முழுவதையும் லேப்டாப்பில் நிறுவ வேண்டுமா?

வேண்டாம். ஜிட்சி ஒரே மென்பொருள் இல்லை. பிரவுசரில் தெரிகிற முகப்பு தனி. செய்திகளைக் கடத்தும் ப்ரோசோடி, கூட்டத்தை நடத்திவைக்கும் ஜிகோஃபோ, வீடியோவைப் பகிர்ந்தளிக்கும் வீடியோபிரிட்ஜ் ஆகியவை பின்னால் தனித்தனியாக ஓடுபவை. உங்களுக்குத் தேவை முகப்பு மட்டும்தான். முகப்பின் நிரலை கிட்ஹப் தளத்திலிருந்து இறக்கி, டெர்மினலில் 'என்பிஎம் இன்ஸ்டால்' (npm install), அப்புறம் 'மேக் டெவ்' (make dev) கட்டளைகளை ஓட்டுங்கள். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கணினியையே குறிக்கும் பெயர்) 8080-ஐ ஹெச்டிடிபிஎஸ் போட்டுத் திறங்கள். பின்னணிக்கு ஜிட்சி குழுவின் சோதனை சர்வரையே அது பயன்படுத்திக்கொள்ளும். அதனால் இன்டர்நெட் இருக்க வேண்டும். இன்ஸ்டால் பாதியில் நின்றால் முதலில் கணினியில் இருக்கும் நோட் ஜேஎஸ் (Node.js) பதிப்பைப் பாருங்கள். எது வேண்டும் என்று பேக்கேஜ் ஜேசன் (package.json) கோப்பிலேயே இருக்கிறது.

எல்லாமே என் கணினியில் ஓட வேண்டும் என்று டாக்கரில் முயன்றேன். கன்டெய்னர்கள் (ஒவ்வொரு சேவையும் ஓடும் தனிப் பெட்டிகள்) எழுந்த வேகத்தில் விழுகின்றன.

பாஸ்வேர்டு ஸ்கிரிப்டை ஓட்டினீர்களா? அமைப்புகளை எழுதிவைக்கும் என்வ் (.env) கோப்பின் மாதிரியை நகலெடுத்ததும் 'ஜென் பாஸ்வேர்ட்ஸ்' (gen-passwords.sh) ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்ட வேண்டும். உள்ளே இருக்கும் சேவைகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் பாஸ்வேர்டுகள் காலியாக இருந்தால் கன்டெய்னர்கள் கிளம்ப மறுக்கும். மறுப்பதுதான் நல்லது. இன்னொன்று, கிட்ஹப்பில் இருக்கும் நிரல் தொகுப்பை (ரெப்போ) அப்படியே குளோன் செய்யாமல், கடைசியாக வெளியான ரிலீஸை இறக்குங்கள். முகவரி லோக்கல்ஹோஸ்ட் 8443. சான்றிதழ் பற்றி பிரவுசர் எச்சரித்தால் பயப்பட வேண்டாம், அது உங்கள் கணினியே தயாரித்துக்கொண்ட சான்றிதழ்.

இரண்டு பேர் பேசும்வரை அருமை. மூன்றாவது ஆள் நுழைந்ததும் எல்லோருடைய வீடியோவும் ஆடியோவும் போய்விடுகிறது. ஏன்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். நானும் இதில் மாட்டியிருக்கிறேன். லேப்டாப், என் போன், அம்மாவின் போன் மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்திருந்தேன். அம்மாவின் போன் சேர்ந்த சில நொடிகளில் முகங்கள் மறைந்து, பெயரின் முதல் எழுத்து போட்ட வட்டங்கள் மட்டும் நின்றன. கேமராவைச் சந்தேகித்தே ஒரு மாலை போனது.

இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது ஜிட்சி அவர்களை நேரடியாக இணைத்துவிடும். வீடியோபிரிட்ஜ் அந்த வழியில் வராது. மூன்றாமவர் வந்ததும் எல்லாம் பிரிட்ஜ் வழியே திரும்பும். அதாவது, உங்கள் பிரிட்ஜ் ஆரம்பத்திலிருந்தே வேலை செய்யவில்லை. இருவர் பேசியது அதை மறைத்திருக்கிறது.

பெரும்பாலும் காரணம் முகவரி. டாக்கருக்குள் இருக்கும் பிரிட்ஜ், 172 என்று தொடங்கும் தன் உள்முகவரியைப் பிரவுசர்களிடம் சொல்கிறது. வெளியே இருக்கும் போனால் அங்கே போக முடியாது. என்வ் கோப்பில் 'ஜேவிபி அட்வர்டைஸ் ஐபிஸ்' (JVB_ADVERTISE_IPS) என்ற வரியில் உங்கள் லேப்டாப்பின் வைஃபை முகவரியை (192.168 என்று தொடங்குவது) கொடுத்து, கன்டெய்னர்களை இறக்கி மறுபடி ஏற்றுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் ஃபயர்வாலில் 10000 போர்ட்டைத் திறங்கள். டிசிபி இல்லை, யுடிபி. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். வேறு வைஃபைக்குப் போனால் முகவரி மாறும் என்பதையும் மறக்காதீர்கள்.

சோதிக்க ஒவ்வொரு முறையும் மூன்று பேரைத் தேட வேண்டாம். கான்ஃபிக் ஜேஎஸ் என்ற முகப்பின் அமைப்புக் கோப்பில் பி2பி-ஐ (இருவரை நேரடியாக இணைக்கும் வசதி) அணைத்துவிட்டால் இரண்டு டேப் போதும், அவையும் பிரிட்ஜ் வழியே போகும்.

அதே வைஃபையில் போனிலிருந்து திறந்தால் கேமரா அனுமதியே கேட்கவில்லை.

ஹெச்டிடிபியில் திறந்திருப்பீர்கள். பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் பிரவுசர் கேமராவைத் தராது; லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. போனுக்கு உங்கள் லேப்டாப் லோக்கல்ஹோஸ்ட் ஆகாதே! 8443 போர்ட்டில் ஹெச்டிடிபிஎஸ் போட்டுத் திறங்கள், என்வ் கோப்பின் 'பப்ளிக் யூஆர்எல்' (PUBLIC_URL) வரியிலும் அதே முகவரி இருக்கட்டும்.

டாக்கரில் கான்ஃபிக் ஜேஎஸ் கோப்பைத் திருத்தினேன். மறுபடி ஓட்டினால் பழையபடி ஆகிவிடுகிறது.

அந்தக் கோப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதப்படுகிறது. அதே ஃபோல்டரில் 'கஸ்டம் கான்ஃபிக்' (custom-config.js) என்ற பெயரில் ஒரு ஜேஎஸ் கோப்பு வைத்து, மாற்ற வேண்டிய வரிகளை மட்டும் அதில் எழுதுங்கள். அடுத்த முறை கிளம்பும்போது அவை கடைசியில் சேர்ந்துகொள்ளும்.