கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பெயரில்லாத குருணை போடலாமா?

கேள்வி: இரவுச் சந்தையில் 18 வெள்ளிக்கு வாங்கிய கறிவேப்பிலைத் தொட்டி, மூன்றே வாரத்தில் இலை மஞ்சளாகி உதிர்கிறது. விற்றவரிடம் கேட்டால் சின்ன பிளாஸ்டிக் பையில் நீலக் குருணை தந்து, "வேர்ல போடுங்க, சரியாயிடும்" என்றார். வீட்டில் பூனையும் நாய்க்குட்டியும் உண்டு. போடலாமா? (வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: போடவே வேண்டாம் அம்மா. நீலக் குருணை உரமாகவும் இருக்கலாம், நத்தை மருந்தாகவும் இருக்கலாம், பார்த்துச் சொல்ல முடியாது. நத்தை மருந்து என்றால் பெரும்பாலும் மெட்டால்டிஹைட் என்ற விஷம், அதைத் தவிடு மாதிரி தீனியில் கலந்துதான் உருட்டுகிறார்கள், நாய்க்கு அது தின்பண்டம், தின்ற சில மணி நேரத்துக்குள் உடம்பு உதறி வலிப்பு வந்துவிடும். பதிவு எண்ணும் லேபிளும் இல்லாத பூச்சி மருந்தை மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி விற்கவே கூடாது. பையை இறுகக் கட்டி எட்டாத இடத்தில் வையுங்கள், அடுத்த சந்தையன்று அவரிடமே கொடுத்து வேறு செடி கேளுங்கள்.

சரி, செடிக்கு வருவோம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். சொதசொதவென்று இருந்தால் தண்ணீர்தான் கோளாறு. மாலையில் மழை கொட்டுகிறது, காலையில் நாமும் ஊற்றுகிறோம், தட்டில் தேங்கி வேர் மூச்சு முட்டிப்போகிறது. தொட்டியைச் சாய்த்துச் செடியை உருவிப் பாருங்கள்: வெளுத்து விறைப்பாக இருந்தால் நல்ல வேர், இழுத்ததும் தோல் மட்டும் கையோடு வந்து சாக்கடை வாடை அடித்தால் அழுகல். அழுகியதை வெட்டிவிட்டு மணல் கலந்த புது மண்ணில் நடுங்கள், மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர்.

மண்ணில் குறையில்லையென்றால் இலையைத் திருப்பிப் பாருங்கள். பிசுபிசுப்பும் தண்டில் எறும்பு வரிசையும் இருந்தால் செதில்பூச்சியோ மாவுப்பூச்சியோதான். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திர சோப்பு கலந்து இலையின் அடியில் அடித்து, அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காயும்வரை பூனை வீட்டுக்குள் இருக்கட்டும்.

மருந்து வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள். லேபிளில் ஆபத்தின் அளவைக் காட்டும் வண்ணப் பட்டை இருக்கும், அதில் நீலமும் வெள்ளையும் ஆபத்து குறைவு என்பது மனிதருக்குச் சொன்ன கணக்கு. பெர்மெத்ரின் என்ற பூச்சி மருந்தைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது, நமக்குத் தாங்கும் அளவே அதைக் கொன்றுவிடும். ஆமணக்குப் புண்ணாக்கு உரமும் வேண்டாம், அதில் ரிசின் விஷம் மிச்சமிருக்கும், நாயோ மோப்பம் பிடித்துத் தோண்டித் தின்னும்.

குருணையை ஏற்கெனவே கொஞ்சம் போட்டிருந்தால் இப்போதே மேல்மண்ணோடு வழித்தெடுங்கள். குட்டி எச்சில் வடித்தாலோ நடுங்கினாலோ வாந்தி எடுக்கவைக்கப் பார்க்காமல், அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு நேராக மிருக டாக்டரிடம் ஓடுங்கள்.