ஏஞ்சல்ஸ் அணியின் 2023: காயங்கள், டிரேட் டெட்லைன், ஓட்டானி (கேள்வி பதில்)

அனாஹைம் மைதானத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில் குடியிருக்கிறேன். வெகு வருடங்களாக லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் என் அணி. 2023 ஜூலையில் அந்த அணி எடுத்த முடிவுகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். டிரேட் டெட்லைன் என்றால் என்ன? ஏன் இவ்வளவு பரபரப்பு?

பதில்: மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணிக்கு ஒரு சீசனில் 162 ஆட்டம். கிட்டத்தட்ட ஆறு மாதம், ஏறக்குறைய தினமும். அந்த ஓட்டத்தின் நடுவே ஒரு நாளைக் குறித்துவிடுவார்கள். 2023-இல் அது ஆகஸ்ட் 1. அன்று மாலை வரை அணிகள் ஆட்களைப் பரிமாறிக்கொள்ளலாம். பிறகு கதவு சாத்திவிடும். ஐபிஎல் போல ஏலம் கிடையாது, ஆளுக்கு ஆள்தான். பிளேஆஃப் வாய்ப்பு உள்ள அணி இந்த வருடமே உதவும் தேர்ந்த ஆட்டக்காரரை வாங்கும். வாய்ப்பில்லாத அணி அவரைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று வருடத்தில் தேறக்கூடிய பையன்களை வாங்கும். ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிகிற ஆட்டக்காரரை ‘வாடகை’ என்பார்கள். அவருக்காகக் கொடுப்பதெல்லாம் இரண்டு மாத ஆட்டத்துக்கு மட்டும்தான்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். ஐபிஎல்லில் ஒருவருக்குக் காயம் என்றால் வெளியிலிருந்து மாற்று ஆளை எடுத்துக்கொள்ளலாம். பேஸ்பாலில் சீசன் நடுவே நல்ல ஆள் யாரும் வெளியே சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. சொந்த மைனர் லீக் அணிகளில் வளர்த்த பையன்தான் மேலே வரவேண்டும். அந்தப் பண்ணை வறண்டு கிடந்தால் ஒவ்வொரு காயமும் இரண்டு மடங்காக வலிக்கும். ஏஞ்சல்ஸின் கதையே இதுதான்.

கேள்வி: யார் யாருக்கு என்ன காயம்? ஒரு பட்டியல் போடுங்களேன்.

பதில்: நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். ஏப்ரலிலேயே இளம் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) லோகன் ஓஹாப்பியின் இடது தோளில் கிழிசல், அறுவை சிகிச்சை. அவர் திரும்பியது ஆகஸ்ட் 18-இல். ஜூன் நடுவில் ஜியோ உர்ஷேலாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து சீசனே முடிந்தது. ஷார்ட்ஸ்டாப் (உள்வட்டத்தில் நின்று தடுப்பவர்) ஸாக் நெட்டோவுக்கு விலாத் தசையில் பிடிப்பு. ஜூலை 3 அன்று சான் டியேகோவில் அணியின் பெரிய நட்சத்திரம் மைக் ட்ரௌட்டின் இடது கை மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. மறுநாளே மூன்றாம் பேஸில் (ஓட்டம் எடுக்கத் தொட்டுச் செல்லும் மூலைகளில் ஒன்று) நிற்கும் ஆண்டனி ரெண்டான் தானே அடித்த பந்து தன் முழங்காலுக்குக் கீழே பட்டு வெளியே போனார். ஜூலை 29 அன்று டொரொண்டோவில் டெய்லர் வார்டின் முகத்தில் பந்து பட்டு எலும்புகள் முறிந்தன. அதற்குப் பின் அந்த வருடம் அவர் ஆடவில்லை. அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் கீழே கிடந்த அந்தச் சில நிமிடங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ரெண்டானைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு வார்த்தை. 2019 டிசம்பரில் ஏழு வருடத்துக்கு 24.5 கோடி டாலர் ஒப்பந்தம். 2021-இல் 58 ஆட்டம், 2022-இல் 47, 2023-இல் 43. அவரைத் திட்டி எழுதச் சொல்லி நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். உடம்பு ஒத்துழைக்காத மனிதரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இரண்டு வருடம் தொடர்ந்து இப்படி நடந்த பிறகும் மூன்றாவது வருடம் மூன்றாம் பேஸுக்கு உருப்படியான மாற்று ஏற்பாடு செய்யாத நிர்வாகத்தைக் கேள்வி கேட்கலாம்.

கேள்வி: மணிக்கட்டில் ஒரு சின்ன எலும்பு உடைந்ததற்கா ட்ரௌட் ஏழு வாரம் உட்கார்ந்தார்?

பதில்: உடைந்தது ஹேமேட் என்கிற எலும்பு. சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கையின் அடியில் கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். மட்டையின் அடிக்குமிழ் சரியாக அங்கேதான் அழுத்தும். அதனால்தான் வேகமாகச் சுழற்றி அடிப்பவர்களுக்கு இது அடிக்கடி வருகிறது. முதலில் நாலு முதல் எட்டு வாரம் என்றார்கள். ஆகஸ்ட் 22 அன்று ஒரே ஓர் ஆட்டம் ஆடிப் பார்த்தார். வலி தாங்கவில்லை, மறுபடி காயப் பட்டியலுக்கே போனார். அந்த வருடம் மொத்தம் 82 ஆட்டம். இதை ஞாபகம் வையுங்கள், கீழே தேவைப்படும்.

கேள்வி: இவ்வளவு பேர் படுத்துக் கிடக்கும்போது ஓட்டானியை விற்றிருக்க வேண்டாமா? சீசன் முடிந்தால் அவர் போய்விடுவார் என்று எல்லாருக்கும் தெரியுமே!

பதில்: வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். தெரியாதவர்களுக்கு: ஓட்டானி ஜப்பானிலிருந்து வந்தவர், பந்தும் வீசுவார், மட்டையும் பிடிப்பார். அவருடைய ஒப்பந்தம் அந்த சீசனோடு முடிந்தது.

அன்றைய நிலவரத்தைப் பாருங்கள். ஜூலை 26 அன்று ஏஞ்சல்ஸ் 52 வெற்றி, 49 தோல்வி. 2022 முதல் ஒவ்வொரு லீகிலும் மூன்று பிரிவுகளில் முதலிடம் பிடிக்கும் அணிகளோடு இன்னும் மூன்று அணிகளுக்கும் பிளேஆஃபில் இடம் உண்டு, அதற்கு வைல்ட் கார்டு என்று பெயர். அந்தக் கடைசி இடத்துக்கு ஏஞ்சல்ஸ் சில ஆட்டங்கள்தான் பின்னால். 2014-க்குப் பிறகு பிளேஆஃபைப் பார்க்காத அணி. ட்ரௌட் தன் வாழ்நாளில் ஆடிய பிளேஆஃப் ஆட்டங்களே அந்த 2014-இல் ஆடிய மூன்றுதான், மூன்றிலும் தோல்வி.

மறுநாள், ஜூலை 27, டெட்ராய்டில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஓட்டானி ஒன்பது இன்னிங்ஸும், அதாவது முழு ஆட்டமும், தானே வீசினார். எதிரணிக்கு ஒரே ஒரு ஹிட், ஓட்டம் பூஜ்யம். இரண்டாவது ஆட்டத்தில் இரண்டு ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார். ஒரே ஆள், ஒரே நாள். அப்படிப்பட்டவரை விற்கும் கையெழுத்தை யார் போடுவார்?

விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. முந்தைய வருடம் வாஷிங்டன் அணி ஹுவான் சோட்டோவை சான் டியேகோவுக்குக் கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்தவர்களில் சி. ஜே. ஏப்ரம்ஸ், மெக்கென்ஸி கோர், ஜேம்ஸ் வுட் மூவரும் பின்னாளில் ஆல் ஸ்டார் ஆனார்கள். ஆனால் சோட்டோவை வாங்கியவர்களுக்கு அவர் இரண்டரை சீசன் கிடைப்பார் என்ற உறுதி இருந்தது. ஓட்டானி கிடைப்பது இரண்டே மாதம். சோட்டோவுக்குக் கிடைத்தது அப்படியே ஓட்டானிக்கும் கிடைத்திருக்கும் என்று சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

வைத்துக்கொண்டதை நான் குறை சொல்ல மாட்டேன். ஓட்டானியை வைத்துக்கொள்வது ஒரு முடிவு, அவரைச் சுற்றி இளம் பையன்களைக் கொடுத்து வாடகை ஆட்களைக் குவிப்பது வேறொரு முடிவு. பேசுபவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். எனக்கு வருத்தம் இரண்டாவதில்தான்.

கேள்வி: சரி, யாரைக் கொடுத்தார்கள், யாரை வாங்கினார்கள்?

பதில்: ஜூலை 26 இரவு சிகாகோ ஒயிட் சாக்ஸிடமிருந்து பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) லூக்கஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ். கொடுத்தது கேட்சர் எட்கர் கெரோ, இடது கை பிட்சர் கை (Ky) புஷ். கெரோவுக்கு அப்போது இருபது வயது. பண்ணையில் மிச்சமிருந்த நல்ல நாற்று அவன்தான்.

வார்டுக்கு அடிபட்ட மறுநாள், ஜூலை 30, கொலராடோவிடமிருந்து சி. ஜே. க்ரான், ராண்டல் க்ரிச்சக். கொடுத்தது இரண்டு இளம் பிட்சர்கள். இதில் ஒரு சங்கதி உண்டு. க்ரிச்சக், க்ரான் இருவருமே ஏஞ்சல்ஸ் டிராஃப்டில் (அணிகள் வரிசைப்படி இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுத்து வளர்த்தவர்கள். 2009 டிராஃப்டில் க்ரிச்சக் 24-ஆவது தேர்வு, ட்ரௌட் 25-ஆவது. தாய்வீட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளைகள். கடைசி நாளன்று நியூயார்க் மெட்ஸிடமிருந்து டாமினிக் லியோன்.

பொது மேலாளர் பெர்ரி மினாசியன் உழைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வாங்கிய நாளில் ட்ரௌட் இல்லை, ரெண்டான் இல்லை, ஓஹாப்பி இல்லை. இவர்களெல்லாம் ஆகஸ்டில் வந்துவிடுவார்கள், வந்து பழையபடி அடிப்பார்கள் என்ற நம்பிக்கை அந்தக் கணக்குக்குள்ளேயே இருந்தது. காயம்பட்டவர் திரும்பி வருவது ஒன்று, தேறி வருவது இன்னொன்று. மணிக்கட்டு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரமே ஆன ஒருவரை வரவில் எழுதிவைத்துவிட்டுச் செலவு செய்தார்கள். அதற்கு ட்ரௌட்டின் அந்த ஒரே ஓர் ஆட்டம்தான் பதில்.

ஜியோலிட்டோவை வாங்கிய அந்த இரவு எனக்கும் சந்தோஷம்தான். இந்த முறையாவது நம் அணி துணிந்து இறங்குகிறதே என்று வீட்டில் எல்லாரையும் எழுப்பிச் சொன்னேன். அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

கேள்வி: டெட்லைனுக்குப் பிறகு என்னதான் ஆச்சு?

பதில்: ஆகஸ்ட் 1 காலையில் 56 வெற்றி, 51 தோல்வி. அன்று தொடங்கி வரிசையாக ஏழு தோல்வி.

அதில் ஆகஸ்ட் 3, சியாட்டிலுக்கு எதிரான ஆட்டத்துக்கு நான் மைதானத்தில் இருந்தேன். ஓட்டானி நாலு இன்னிங்ஸ் ஓட்டமே விடாமல் வீசினார், விரலில் பிடிப்பு வந்து வீசுவதை நிறுத்தினார். ஆனால் மட்டையை விடவில்லை, எட்டாவது இன்னிங்ஸில் தன் 40-ஆவது ஹோம் ரன்னை அடித்தார். கூட்டம் எழுந்து நின்றது. ஒன்பதாவது இன்னிங்ஸில் கேட் மார்லோ மூன்று பேஸிலும் ஆள் இருக்க ஹோம் ரன் அடித்தார், நாலு ஓட்டம். 5-3 என்று தோல்வி. வண்டி நிறுத்துமிடம் வரைக்கும் யாரும் பேசவில்லை.

ஆகஸ்ட் மாதம் முழுக்க 8 வெற்றி, 19 தோல்வி. ஜியோலிட்டோ ஆறு ஆட்டம் தொடங்கி வீசி ஒன்றில் வென்றார், ஐந்தில் தோற்றார். ஆகஸ்ட் 18 அன்று, டிராஃப்டில் எடுத்து நாற்பதே நாளான நோலன் ஷேனுவலை முதல் பேஸில் நிறுத்தினார்கள். பையன் நன்றாகவே ஆடினான். ஆனால் நேற்றுவரை கல்லூரியில் ஆடியவனைக் கூப்பிட வேண்டி வந்தது என்றால் மைனர் லீகில் வேறு யாரும் இல்லை என்றுதானே பொருள்? சீசன் 73-89 என்று முடிந்தது.

கேள்வி: ஓட்டானியின் முழங்கை போனது அதிகம் ஆடவைத்ததாலா?

பதில்: அப்படி அடித்துச் சொல்ல முடியாது. ஆகஸ்ட் 23 அன்று சின்சினாட்டிக்கு எதிராக இரண்டாவது இன்னிங்ஸில் வெளியேறினார். முழங்கைத் தசைநார் கிழிந்திருந்தது. 2018-இலேயே அதே முழங்கையில் டாமி ஜான் எனப்படும் தசைநார் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். விரல் பிடிப்பு வந்தபோதே ஸ்கேன் எடுக்கலாம் என்று கேட்டோம், அவர் தரப்பில் வேண்டாம் என்றார்கள் என்று மினாசியன் பிறகு சொன்னார். தசைநார் போனது தெரிந்த அன்றே இரண்டாவது ஆட்டத்தில் மட்டை பிடிக்க வந்துநின்ற மனிதர் அவர். அவரை யாரும் ஆடவைக்கவில்லை, அவர் ஆடினார். செப்டம்பர் 19-இல் அறுவை சிகிச்சை. மறுபடி பந்து வீச 2025 ஜூன் ஆயிற்று.

கேள்வி: வாங்கிய ஆட்களையே ஒரு மாதத்தில் சும்மா தூக்கிக் கொடுத்தார்களாமே? நம்பமுடியவில்லை.

பதில்: நடந்தது அதுதான். ஆகஸ்ட் 29 அன்று ஜியோலிட்டோ, லோபஸ், லியோன், க்ரிச்சக், ஏற்கெனவே அணியில் இருந்த மேட் மோர், ஹன்டர் ரென்ஃப்ரோ ஆகிய ஆறு பேரையும் வேய்வரில் விட்டார்கள். வேய்வர் என்றால், மீதிச் சம்பளத்தை ஏற்றுக்கொள்கிற அணி ஆளைக் கூட்டிக்கொண்டு போகலாம். பதிலுக்கு ஒன்றும் தரவேண்டாம். கிளீவ்லாந்து மூவரை எடுத்தது, சியாட்டில் லியோனை, சின்சினாட்டி ரென்ஃப்ரோவை. க்ரிச்சக்கை யாரும் எடுக்கவில்லை.

காரணம் ஆடம்பர வரி. அந்த வருடம் சம்பளச் செலவு 23.3 கோடி டாலரைத் தாண்டினால் அபராதம். அதைவிட முக்கியம், தாண்டிய அணியிலிருந்து ஓட்டானி வெளியேறினால் ஈடாகக் கிடைக்கும் டிராஃப்ட் தேர்வு நாலாம் சுற்றுக்குப் பின்னால் போய்விடும். தாண்டாவிட்டால் மூன்றாம் சுற்றுக்கு முன்பே கிடைக்கும். கணக்கு சரிதான், அவர்களுக்கு 2024-இல் 74-ஆவது தேர்வு கிடைத்தது. ஓட்டானி போனதற்கு ஏஞ்சல்ஸ் கையில் மிஞ்சியது அந்த ஒரு தேர்வு. அவர் 70 கோடி டாலருக்கு லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸில் சேர்ந்தார், எங்கள் வீட்டிலிருந்து இன்னொரு பக்கம் போனால் அந்த மைதானம்.

கேள்வி: மெட்ஸ் அதே வாரம் நேர்மாறாகச் செய்ததே. அதுதான் சரியா?

பதில்: அவர்களுக்குச் சரி. மேக்ஸ் ஷெர்ஸரை டெக்ஸஸுக்கும், ஜஸ்டின் வெர்லாண்டரை ஹூஸ்டனுக்கும் கொடுத்து, சம்பளத்திலும் பெரும்பங்கைத் தாங்களே கட்டி, நல்ல இளைஞர்களை வாங்கினார்கள். அடுத்த வருடமே தேசிய லீக் இறுதிச் சுற்று வரை போனார்கள். ஆனால் அப்படிப் பணத்தைக் கொட்ட எல்லா உரிமையாளரும் தயாராக இருப்பதில்லை. அதோடு, மெட்ஸ் விற்றது வயதான இரண்டு பிட்சர்களை. ஊரே நேசிக்கும் ஒருவரை விற்பது வேறு.

கேள்வி: நீங்கள் மேலாளராக இருந்திருந்தால்?

பதில்: ஓட்டானியை வைத்திருப்பேன். கெரோவைக் கொடுத்திருக்க மாட்டேன். ஜூனில் செய்த மாதிரி எடுவார்டோ எஸ்கோபார், மைக் மௌஸ்டாகஸ் போன்ற விலை குறைந்த ஆட்களோடு நிறுத்தியிருப்பேன். அப்படியும் தோற்றிருப்போம் என்றே நினைக்கிறேன். பழுது ஜூலையில் வந்ததில்லையே. 2021 டிராஃப்டில் இருபது தேர்விலும் இருபது பிட்சர்களை எடுத்த அணி இது. அவர்களில் ஒருவர்தான் கை புஷ். மட்டை பிடிப்பவர்களுக்கு வரிசையாகக் காயம் பட்டபோது மேலே கூப்பிட ஆள் இல்லாமல் போனதற்கு அங்கேயும் ஒரு வேர் இருக்கிறது.

கேள்வி: அந்தக் கெரோ இப்போது எங்கே?

பதில்: 2025 ஏப்ரலில் ஒயிட் சாக்ஸுக்காக மேஜர் லீகில் இறங்கிவிட்டான். முதல் ஆட்டத்தை இங்கே வீட்டிலிருந்து பார்த்தேன்.